ஒரு மிதிக்கு எவ்வளவு காற்று

ஏற்காட்டில் ஈரம் எதையும் விட்டுவைக்காது. பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை, பைபிளின் தோல் அட்டை, தீப்பெட்டி என்று எல்லாவற்றிலும் ஏறிவிடும். அதனால்தான் எங்கள் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றை ஒரு மணி நேரம் ஓட விட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சும்மா கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும் என்று கொண்டுவந்து பொருத்தியவர் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை யார் வருவது என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் கேட்டதும் எல்லா டீச்சர்களும் கூரையைப் பார்த்தார்கள். நான் கணக்கு டீச்சர். பள்ளிக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளைகுட்டி கிடையாது. சாவி என்னிடம் வந்து சேர்ந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்றில் ஒரு விளையாட்டு இருந்தது. யார் ஏற்றி வைத்தார்களோ தெரியாது. விண்கலத்தை ஓட்டிக்கொண்டுபோய் நிலவில் இறக்க வேண்டும். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். கீழே மூன்று எண்கள்: உயரம், வேகம், மிச்சமிருக்கும் எரிபொருள். பொத்தானை அழுத்தினால் என்ஜின் எரியும், விழும் வேகம் குறையும், கூடவே எரிபொருளும் குறையும். கையை எடுத்தால் கலம் விழத் தொடங்கும். மெதுவாகப் போய்த் தரையைத் தொட்டால் பிழைத்தோம், வேகமாகத் தொட்டால் செத்தோம். அவ்வளவுதான் விளையாட்டு. முதல் நாள் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கணக்குப் போட்டு விளையாடினேன். ஒரு மணி நேரமும் செத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எஸ்டேட் லாரி டிரைவர். எஸ்டேட் மாரமங்கலம் பக்கம். காப்பி மூட்டை, மிளகு மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்குவார். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பயபக்தியோடு உள்ளே வந்து என் பின்னால் நின்றார். நான் இரண்டு முறை மோதிச் செத்ததைப் பார்த்தார்.

"இதுல பிரேக் எங்க?" என்றார்.

"பிரேக் கிடையாதுங்க. என்ஜின்தான் பிரேக்கு."

"அட, அப்ப நம்ம எறக்கம் மாதிரியேதான். ரெண்டாங் கியர்ல போட்டு என்ஜின்லயே புடிச்சுப் புடிச்சு எறக்கறது. தள்ளுங்க டீச்சரம்மா."

மூன்றாவது முறையிலேயே இறக்கிவிட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள் நான். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அதைவிட எரிச்சல், அவருடைய வலது கால். விரல் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த வெறுங்கால் சிமெண்டுத் தரையை மிதிக்கும். தப், தப் என்று சத்தம் கேட்கும்.

"காலு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"காலு மிதிச்சாத்தான் கைக்கு வேலை தெரியுது" என்றார்.

அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் எங்கள் இருவருக்கும் உரியதாயிற்று. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம். சும்மா இறக்குவது சலித்ததும் ஒருவருக்கொருவர் சவால் விட ஆரம்பித்தோம். பாதி எரிபொருளில் இறக்கு. கால்வாசியில் இறக்கு. உயரம் காட்டும் எண்ணின் மேல் காகிதத்தை ஒட்டிவிட்டு, வேகத்தை மட்டும் பார்த்து இறக்கு. என்னுடைய சவால்கள் எல்லாம் கணக்காக இருக்கும். அவருடையவை எல்லாம் விஷமம்.

விளையாட்டில் எரிபொருளின் அளவை மாற்றி வைப்பதுபோல ஈர்ப்பு விசையையும் மாற்றி வைத்துக்கொள்ள வசதி இருந்தது. ஒரு நாள் அதைப் பூஜ்யமாக்கிப் பார்த்தோம். ஒரு தரம் பொத்தானை அழுத்தியதும் கலம் கிளம்பிப் போனது, போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "எறங்கற எடமே இல்லாம இதுல என்ன இருக்குது?" என்றார். அடுத்து ஈர்ப்பைப் பல மடங்கு ஏற்றி வைத்தோம். கலம் கல்லாக விழுந்தது. "இதான் குப்பனூரு" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

யார் குறைந்த எரிபொருளில் இறக்கினார்கள் என்ற பட்டியலை விளையாட்டே வைத்துக்கொள்ளும். பெயர் கேட்கும். அவர் ஒற்றை விரலால் தேடித்தேடி ஆங்கில எழுத்தில் டிரைவர் என்று அடித்தார். நான் டீச்சர் என்று அடித்தேன். பட்டியலில் டிரைவர் எப்போதும் மேலே, டீச்சர் எப்போதும் கீழே.

எங்கள் சவால்களிலேயே பெரியதை 'ஒரே மிதி' என்று சொல்வோம். மேலிருந்து என்ஜினைத் தொடாமலே விழ விட்டு, கடைசி நொடியில் ஒரே ஒரு முறை அழுத்தி இறக்க வேண்டும். முன்னால் அழுத்தினால் எரிபொருள் தீர்ந்துபோய் மறுபடி விழும். பின்னால் அழுத்தினால் மோதும். எந்த உயரத்தில் அழுத்த வேண்டும் என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று மிதித்தார். கலம் நின்றது. எரிபொருள் இருந்த இடத்தில் பூஜ்யம். அவர் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. அவரை அவ்வளவு பிடித்துப்போன நாளும் அதுதான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் ஏர் முள்ளைப் பற்றிச் சொன்னார்.

மலை இறங்கும் டிரைவர்களில் சிலர் மேலேயே என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குவார்கள். டீசல் மிச்சமாகும். என் கணவர் அதைச் செய்யவே மாட்டார். செய்கிறவர்களைக் கண்டால் திட்டுவார். அவர்கள் இவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள். லாரியில் ஏர் பிரேக். என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு வேண்டிய காற்று தொட்டியில் ஏறிக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டால் தொட்டியில் இருக்கிற காற்று மட்டும்தான். ஒவ்வொரு மிதிக்கும் அதில் கொஞ்சம் போய்விடும். எவ்வளவு மிச்சம் என்று காட்ட டிரைவர் முன்னால் ஒரு முள் உண்டு. சிவப்புக் கோட்டுக்குக் கீழே அது போனால் பிரேக் பிடிக்காது.

"இந்த எரிபொருள் நம்பர் இருக்குது பாருங்க, அது அப்படியே நம்ம ஏர் முள்ளுதான்" என்றார் திரையைக் காட்டி.

கணக்கு என்று வந்துவிட்டால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். "ஒரு மிதிக்கு எவ்வளவு காத்துப் போகும்?" என்று கேட்டேன். முள் எவ்வளவு இறங்கும் என்று விரலால் காட்டினார். சாக்பீஸை எடுத்தேன். பலகையின் ஒரு பக்கம் தொட்டியில் இருக்கும் காற்று. மறுபக்கம் எஸ்டேட்டிலிருந்து குப்பனூர் வரை ஒவ்வொரு வளைவும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். இங்கே ஒரு மிதி, இங்கே இரண்டு, இங்கே மிதிக்கவே வேண்டாம், மேடு தானாகப் பிடிக்கும். கூட்டினேன், கழித்தேன். சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு மிதி மிச்சம் இருந்தது. என்ஜின் இல்லாமலே குப்பனூரில் இறங்கலாம் என்று என் பலகை சொன்னது.

அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"கணக்குக்குச் சரி. ரோட்டுக்குச் சரியா வருமுங்களா?" என்றார்.

"நெலாவுல எறங்கத் தெரியுது, குப்பனூர்ல எறங்கத் தெரியாதாக்கும்?" என்றேன் நான்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் வகுப்பு இருந்ததால் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வந்தோம்.

அந்தக் கணக்கில் ஒரு தவறு இருந்தது. ஒவ்வொரு மிதியும் ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டேன். விளையாட்டில் அப்படித்தான், முதல் அழுத்தலும் கடைசி அழுத்தலும் ஒன்றுதான். ரோட்டில் அப்படி இல்லை. இறங்க இறங்க பிரேக் சூடாகும். சூடானால் பிடிப்பு குறையும். அதே வேகத்தை அடக்க, கீழே போகப் போக அதிக நேரம் மிதிக்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டாக மிதிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படிப் போட்டிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த நாலு ஞாயிறும் அவர் உற்சாகமாக இருந்தார். ஒரே மிதியைத் திரும்பத் திரும்ப விளையாடினார். ஒரு தடவை, "டீச்சரம்மா, அந்த ரெண்டு மிதி மிச்சம்னு சொன்னது நெசந்தானே?" என்று கேட்டார். என் கணக்கைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. "வேணும்னா இன்னொருக்காப் போட்டுக் காட்டட்டுங்களா?" என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை முற்பகல். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். பளிச்சென்ற வெயில். மழையும் இல்லை, பனியும் இல்லை. சிஸ்டரே வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தேன். குப்பனூருக்கு மேலே ஒரு வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு லாரி விழுந்துவிட்டது. என் கணவர் அங்கேயே இறந்துபோனார். கூட இருந்த லோடுமேன், மாரமங்கலத்துக்காரர், அதற்கு முந்திய வளைவிலேயே குதித்துவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்தார்.

பிரேக் பிடிக்கவில்லை என்று லோடுமேன் போலீசில் சொன்னார். அதற்கு முந்திய வாரம்தான் லாரிக்கு பிரேக் லைனிங் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் குப்பனூரில் சின்னப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். பிறகென்ன, எல்லா விரலும் அவரைப் பார்த்து நீண்டது. இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. எஸ்டேட் லாரிகள் அங்கே நிற்பது நின்றது. பிறகு மற்ற லாரிகளும். ஆளைக் கொன்ற பட்டறை என்று பெயர் வந்துவிட்டது. அதற்கெல்லாம் முன்னால், அடக்கத்தன்று மெக்கானிக்கும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றதை நான் பார்த்தேன்.

பிரேக்தான் காரணம் என்று நானும் நம்பினேன். இல்லை, அது முழு உண்மை இல்லை. நம்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துத்தான் மறுபடி சாவியை எடுத்தேன். நான் போகாத ஞாயிறுகளில் யாரும் போயிருக்கவில்லை. அறை முழுக்கப் பூஞ்சை வாசனை. விளையாட்டைப் போட்டதும் பட்டியல் வந்தது. டிரைவர் மேலே இருந்தார். அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே ஒரு பரிசோதனையை ஆரம்பித்தேன்.

அவர் என்ஜினை அணைத்திருக்க மாட்டார் என்று எனக்கு நிரூபித்தாக வேண்டும். அதற்கு நிலவில் இறங்கும் விளையாட்டைத் தவிர என்னிடம் வேறு கருவி இல்லை. ஈர்ப்பைக் குப்பனூர் அளவுக்கு ஏற்றினேன். எரிபொருளை நான் பலகையில் போட்ட காற்று அளவுக்கு வைத்தேன். சூடான பிரேக்குக்குப் பதிலாக ஒவ்வொரு ஆட்டத்திலும் எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தேன். இறங்கிவிட்டால், பார், அவருக்கு இறங்கத் தெரியும், ஆகவே பிரேக்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். மோதிவிட்டால், பார், இது முடியாத காரியம், அவருக்கு அது தெரிந்திருக்கும், ஆகவே செய்திருக்க மாட்டார் என்று சொல்லிக்கொள்வேன். எது நடந்தாலும் நான் தப்பித்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்ட பரிசோதனை அது. பெரும்பாலும் மோதியது. மோதிய ஒவ்வொரு முறையும், மறுபடி ஆட விருப்பமா என்று திரை கேட்டது. ஆம், ஆம் என்று அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிறு அந்தச் சத்தம் கேட்டது. தப், தப். மேஜைக்கு அடியிலிருந்து. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலில் பனி வந்து அடைத்திருந்தது. விரலை எடுத்தேன், சத்தம் நின்றது. அழுத்தினேன், மறுபடி தப் என்றது. குனிந்து பார்த்தேன். என் கால்தான் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. எத்தனை வாரமாக அப்படி மிதிக்கிறேனோ எனக்கே தெரியாது. ஏமாற்றமாக இருந்தது. அவராக இருந்திருந்தால் நேராகக் கேட்டிருப்பேன், என்ஜினை அணைத்தீர்களா இல்லையா என்று.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் லோடுமேன் வீட்டுக்கு வந்தார். தோள் கூடிவிட்டது, கை மட்டும் மேலே எழவில்லை. தன் காட்டில் விளைந்த ஆரஞ்சு ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்லோணுங்க. போலீசுலயும் சொல்லலீங்க, எங்க ஊட்லயும் சொல்லலீங்க."

"சொல்லுங்க."

"அன்னைக்கு என்ஜின் ஓடலீங்க. மொத வளைவுக்கு முன்னாலயே சாவியத் திருப்பிட்டாரு. அன்னைக்கு மட்டுமில்லீங்க, அதுக்கு முந்தின நாலு வாரமும் அப்படித்தான். மொத வாரம் ரெண்டு வளைவு போயிட்டு, அப்புறம் என்ஜினப் போட்டுக்கிட்டாரு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். வாராவாரம் கூட்டிக்கிட்டே போனாருங்க. ஒவ்வொரு மிதிக்கும் முள்ளப் பாத்து எண்ணிச் சொல்லுவாரு. எனக்குப் பயமா இருக்குதுங்கன்னா, எங்க ஊட்டு டீச்சரம்மா போட்ட கணக்கு, தப்பாதும்பாரு. உங்க மேல நொம்பப் பெருமைங்க அவருக்கு."

நான் ஆரஞ்சுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு முழுசா எறங்கிப்போட்டு வந்து உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தாருங்க" என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் முகத்தில் வேறு எதுவும் இல்லை. "செத்தவரு பேரு கெட்டுறக் கூடாதில்லீங்களா? அதான் பிரேக் புடிக்கலீன்னு மட்டும் சொல்லிப்போட்டேன்."

"அந்த மெக்கானிக்?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவரு பாவந்தானுங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே குப்பனூருக்கு பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம்தான். உங்கள் வேலையில் தப்பில்லை. அவர் என்ஜினை அணைத்துவிட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்து உசுப்பிவிட்டது நான். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் உறுமிக்கொண்டு இறங்கியது. உடைந்த தடுப்புச் சுவரைப் புதிதாகக் கட்டி வெள்ளையடித்திருந்தார்கள். அந்த இடம் வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டறையில் ஒரு பழைய டிராக்டரைத் தவிர வேறு வண்டி இல்லை. மெக்கானிக் என்னை விடப் பெரியவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வருவீங்கன்னு தெரியுமுங்கம்மா. நானே வந்திருக்கோணும். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"அதில்லீங்க, நான்..."

"ஒரே ஒரு நட்டுங்கம்மா. பின் சக்கரத்துல. கடைசியா முறுக்கினேனா இல்லியான்னு நெனப்பு வரமாட்டேங்குது. அந்நேரத்துக்குச் சோத்துக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டேன். வந்து முறுக்கினாப்லயும் இருக்குது, முறுக்காத மாதிரியும் இருக்குது. ஊரு சொல்றதுக்காகச் சொல்லலீங்க. தெனமும் நெனச்சுப் பாக்கறேன். நாந்தானுங்க கொன்னுபோட்டேன்."

கிரீஸ் படிந்த கையைக் கூப்பினார்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. அது போதும் எனக்கு."

என் மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. அந்த மனிதரைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். இரக்கம் இல்லை. நிம்மதி வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி. ஒருவேளை அந்த நட்டுதானோ? நட்டு சரியாக இருந்திருந்தால் அந்த இரண்டு மிதி போதுமாக இருந்திருக்குமோ? என் கணக்கு சரிதானோ? அந்த ஒருவேளையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுட்டேனுங்க" என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ் வரும் வரை என் கூடவே ரோட்டோரம் வந்து நின்றார். நான் ஏறியதும் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெக்கானிக் இறந்துவிட்டார் என்று போன மாதம்தான் தகவல் வந்தது. அதற்குப் பிறகுதான் இதை எழுத எனக்குத் தைரியம் வந்தது.